எண்ணெய் தேய்த்துக் குளித்த கற்கள்

நல்லெண்ணெயும் சீயக்காயும் ஏறிய கல்லுக்கு என்று ஒரு மணம் உண்டு. ஈர அம்மியின் மணமும் வெள்ளிக்கிழமைத் தலைமுழுக்கின் மணமும் ஒன்றாகக் கலந்தது போல இருக்கும். குற்றாலத்தில் சாரல் விழத் தொடங்கிவிட்டது என்று யாராவது சொன்னால் மற்றவர்களுக்கு அருவி நினைவு வரும், குளிர்ந்த காற்று நினைவு வரும்; எனக்கு முதலில் வருவது இந்த மணம்தான். ஒரு மரப்பெட்டி நிறைய, இப்போதுதான் குளித்து எழுந்த பிள்ளைகளைப் போலப் பளபளத்துக்கொண்டு கிடந்த கற்களையும், அவற்றைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்த என் அப்பாவையும் அந்த மணம் உடனே கூட்டிக்கொண்டு வந்துவிடும்.

சுதந்திரத்துக்குப் பல வருஷங்கள் முந்திய காலம். அப்பா தென்காசியில் ஜில்லா போர்டு பள்ளிக்கூடத்தில் சரித்திரமும் பூகோளமும் சொல்லிக்கொடுத்தார். நான் ஒரே மகள், கோமதி. வீட்டிலும் தெருவிலும் "கோமு". எனக்குப் பத்து முடிந்து பதினொன்று நடந்துகொண்டிருந்தது. அப்பாவுக்குச் சீட்டாட்டம் தெரியாது, வெற்றிலை பழக்கமில்லை, கோள் சொல்லவும் வராது. ஆகவே ஊரில் அவரைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லாமல் இருந்தது. அந்தக் குறையைத் தீர்த்து வைத்தது கல்.

பள்ளிக்கூடத்து அலமாரியில் கிடந்த ஓர் ஆங்கிலப் புத்தகத்தில் ஆதிமனிதர்கள் கல்லால் செய்த கோடரி, கத்தி, சுரண்டி முதலியவற்றின் படங்களை அவர் பார்த்திருக்கிறார். அதே வாரத்தில் ஏதோ காரியமாக இலத்தூருக்குப் போனவர், தண்ணீர் வற்றிக் கிடந்த குளத்தங்கரையில் படத்தில் இருந்தது போலவே ஒரு கல்லைக் கண்டுவிட்டார். அவ்வளவுதான். அன்று முதல் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் கல்லுக்கென்று ஆகிவிட்டன. சிற்றாற்றங்கரை, புலியருவிக்குப் போகும் ஒற்றையடிப் பாதை, இலத்தூர்க் குளம் என்று தோளில் ஒரு பையை மாட்டிக்கொண்டு போவார். திரும்பி வரும்போது தோள் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும். மூன்று வருஷத்தில் அறுபத்து மூன்று கற்கள் சேர்ந்தன.

ஒவ்வொரு கல்லுக்கும் ஓர் எண். அந்த எண்ணைச் சின்னக் காகிதத் துண்டில் எழுதிக் கஞ்சிப் பசையால் கல்லின் மேல் ஒட்டிவிடுவார். அந்தத் துண்டுக்கு எங்கள் வீட்டில் "நெத்திச் சீட்டு" என்று பெயர். நீளமான நோட்டு ஒன்றில் ஐந்து கட்டங்கள் போட்டிருந்தார்: எண், கிடைத்த இடம், கிடைத்த நாள், உபயோகம், செய்தவர். இந்த ஐந்தாவது கட்டத்தில் எல்லாக் கல்லுக்கும் "தெரியவில்லை" என்றே எழுதியிருப்பார். தெரியாத ஒன்றுக்கு எதற்குக் கட்டம் என்று நான் ஒருமுறை கேட்டேன். "எவனோ ஒருத்தன் ஒக்காந்து செஞ்சிருக்காம்லா, அவனுக்கு ஒரு எடம் விட்டு வைக்க வேண்டாமா?" என்றார். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. அறுபத்து மூன்று தடவை "தெரியவில்லை" என்று எழுதுவதற்கு ஒரு மனிதருக்கு எவ்வளவு பொறுமை வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

எது கருவி, எது வெறும் கல் என்று கண்டுபிடிக்க அப்பாவிடம் ஒரே ஒரு வழிதான் இருந்தது. கல்லைக் கையில் எடுத்துக் கண்ணை மூடிக்கொள்வார். விரல்கள் தாமாக வந்து பொருந்தினால் அது கருவி, பொருந்தாவிட்டால் கல். "கைக்கு அமையுதா பாரு" என்று என் கையிலும் வைப்பார். அம்மா இதில் வேறு ஒரு பரீட்சை வைத்திருந்தாள். அப்பா பள்ளிக்கூடம் போனதும் ஒவ்வொரு கல்லாக எடுத்துத் தேங்காய் உடைத்துப் பார்ப்பாள், சுக்குத் தட்டிப் பார்ப்பாள். நன்றாகத் தட்டியவற்றைப் பற்றி, "இத வேணா ஆதிமனுஷன் வச்சிருந்திருப்பான்" என்று ஒப்புக்கொள்வாள். உபயோகம் என்ற கட்டத்தில் அப்பா எழுதியதில் பாதி அம்மா சொன்னது என்பது என் அபிப்பிராயம்.

பள்ளிக்கூடத்தில் அப்பாவின் பெயர் "கல்லு வாத்தியார்" ஆகிவிட்டது. பையன்கள் சொன்னால் போகிறது, வாத்தியார்களே சொன்னார்கள். டிரில் வாத்தியார் ஒருநாள் ரயில் தண்டவாளத்தடியில் கிடக்கும் கல் ஒன்றைக் கொண்டுவந்து அப்பாவின் மேஜை மேல் வைத்து, "ஆதிமனுசன் குடுத்துவிட்டான் சார்வாள்" என்றாராம். எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். அப்பாவும் சிரித்துவிட்டுத்தான் வந்தார். ஆனால் அந்தக் கல்லை வீட்டுக்குக் கொண்டுவந்து பின்கட்டில் சுவரோரம் போட்டபோது கொஞ்சம் பலமாகவே போட்டார்.

இந்தக் கேலிக்கெல்லாம் பதிலாக அப்பா ஒரு கட்டுரை எழுதி வைத்திருந்தார். தென்காசிப் பக்கத்தில் ஆதிமனிதர்கள் வாழ்ந்தார்கள் என்பது விஷயம். சென்னை மாதப் பத்திரிகை ஒன்றுக்கு அதை அனுப்பினார். கட்டுரை நன்றாக இருக்கிறது, ஆனால் கற்கள் உண்மையானவைதாம் என்று விஷயம் தெரிந்தவர் ஒருவர் இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் போடுகிறோம் என்று ஆசிரியரிடமிருந்து பதில் வந்தது. தென்காசியில் அப்படி எழுதித் தர யார் இருக்கிறார்கள்? கடிதத்தை மடித்து நோட்டுக்குள் வைத்துக்கொண்டு அப்பா ஒரு வருஷம் காத்திருந்தார்.

அடுத்த ஆனி மாதம் அதற்கு வழி பிறந்தது. நில ஆராய்ச்சி இலாகாவில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் சாரலுக்காகக் குற்றாலத்தில் பங்களா எடுத்துத் தங்கியிருக்கிறார் என்று தலைமையாசிரியர் சொன்னார். ஊரில் அவரைச் "சர்வே அய்யா" என்றார்கள். தலைமையாசிரியருக்கு அவர் பழக்கம். சொல்லி அனுப்பியதில், சனிக்கிழமை காலை கற்களைக் கொண்டுவரலாம் என்று பதில் வந்துவிட்டது. பள்ளிக்கூடம் முழுவதும் இது தெரிந்துபோயிற்று. டிரில் வாத்தியார் திங்கட்கிழமைக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்த அப்பா, அடுக்களையில் அம்மாவிடம் மெல்லிய குரலில் பேசிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. "எல்லாமே ஆத்துல உருண்ட கல்லுன்னு சொல்லிட்டாருன்னா அப்புறம் இந்தப் பள்ளிக்கூடத்துல நான் தலை காட்ட முடியாது. எங்கனயாவது மாத்தல் கேட்டுட்டுப் போயிர வேண்டியதுதான்" என்றார். அம்மா என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. எனக்குப் பகீரென்றது. ஊரை விட்டுப் போவதா? என் சேக்காளிகள், என் வேப்பமரம், வீட்டு வாசலில் நின்றால் தெரியும் மலை, எல்லாவற்றையும் விட்டுவிட்டா? அதைவிட, அப்பாவின் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதே இல்லை. அறுபத்து மூன்றில் ஒன்றாவது உண்மையாக இருந்தாக வேண்டும் என்று முடிவு கட்டினேன்.

இலத்தூருக்குப் போகும் ரோட்டில், வீடுகள் முடிகிற இடத்தில், ரோடு போடுவதற்காகக் கருங்கல்லைக் கொண்டுவந்து கொட்டியிருந்தார்கள். அதை ஜல்லியாக உடைக்க ஒரு பெண்பிள்ளை நாள் முழுக்க உட்கார்ந்திருப்பாள். நான்கு குச்சி நட்டு மேலே பனையோலை செருகியிருக்கும். அதற்குள் கால் நீட்டி உட்கார்ந்து, பழந்துணியைத் திரித்துச் செய்த வளையத்துக்குள் கல்லை வைத்து, சுத்தியலால் ஒரே போடாகப் போடுவாள். "கல்லுடைக்கிறவ" என்றால் எல்லாருக்கும் தெரியும். அவளுடைய சுத்தியல் சத்தம் எங்கள் வீடு வரைக்கும் கேட்கும். அன்று சாயங்காலம் அந்தக் குவியலைச் சுற்றிச் சுற்றி வந்தேன். அவள் ஒருமுறை நிமிர்ந்து, "கண்ணுல தெறிச்சிரும், தள்ளி நில்லு தாயி" என்றதோடு சரி. ஒரு துண்டு எனக்கு அகப்பட்டது. வெற்றிலை போன்ற வடிவம், ஒரு முனை தடிப்பு, இரண்டு விளிம்பும் கூர்மை. அப்பாவின் புத்தகத்துப் படத்திலிருந்து எடுத்து வைத்தது போல இருந்தது. பாவாடையில் மறைத்துக் கொண்டுவந்து பெட்டியில் மற்றக் கற்களுக்கு அடியில் செருகிவிட்டேன். திருட்டு என்று அப்போது தோன்றவே இல்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. அம்மா தலை முழுகினாள், எனக்கும் எண்ணெய் வைத்துத் தேய்த்து முழுக்காட்டினாள். அதன் பிறகு அவள் கண் பெட்டியின் மேல் போயிற்று. ஆற்று மண்ணும் குளத்து மண்ணும் அப்பியபடி கற்கள் கிடந்தன. "அம்புட்டுப் பெரிய மனுசர் பாக்கப் போறாரு, அழுக்கோடயா அனுப்புறது?" என்று சொல்லிக்கொண்டே கிணற்றடிக்குக் கொண்டுபோனாள். செங்கல் பொடி போட்டு ஒவ்வொன்றாகத் தேய்த்தாள், சீயக்காய்த் தண்ணீரில் அலசினாள். நெத்திச் சீட்டுகள் எல்லாம் ஊறிப் பெயர்ந்து சாக்கடையோடு போயின. கடைசியாக, கிண்ணத்தில் மீந்திருந்த நல்லெண்ணெயை எடுத்து எல்லாக் கல்லுக்கும் பூசினாள். சீட்டு போகிறதே அம்மா என்றேன். "குத்தாலத்துக்குப் போறவுக எண்ணெ தேய்க்காம போவாகளாட்டி?" என்றாள். அருவிக்குப் போகிற யாராக இருந்தாலும் முதலில் எண்ணெய் தேய்த்துக்கொள்வதுதானே வழக்கம். கல்லும் குற்றாலத்துக்குத்தானே போகிறது. அவளுடைய நியாயத்தில் எனக்கு ஒரு பழுதும் தெரியவில்லை.

அப்பா பள்ளிக்கூடம் விட்டு வந்து பெட்டியைத் திறந்தார். நான் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். மூன்று வருஷத்து எண்கள் போய்விட்டன. அவர் நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அம்மா முந்தானையில் கை துடைத்தபடி, எப்படி இருக்கிறது என்று கேட்பது போல நின்றாள். "நல்லா இருக்கு" என்றார் அப்பா. அந்த ஒரு சொல்லுக்காகவே அவரை எத்தனை தடவை வேண்டுமானாலும் கும்பிடலாம். அப்புறம் புதுச் சீட்டுகள் எழுதிப் பசை தடவி, மேலாகக் கிடந்த நாலைந்து கற்களில் ஒட்டப் பார்த்தார். எண்ணெய்க் கல்லில் ஒன்றும் ஒட்டவில்லை. எல்லாம் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டன. சரி, நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு நினைவிலிருந்து சொல்லிவிடுகிறேன் என்று பெட்டியை மூடினார்.

சனிக்கிழமை காலை குதிரை வண்டி பிடித்துக் குற்றாலம் போனோம். நோட்டைச் சுமக்கிற உத்தியோகம் என்னுடையது. சாரல் பூப்பூவாக விழுந்துகொண்டிருந்தது. பங்களா வராந்தாவில் பெரிய மேஜை ஒன்றைப் போட்டுக்கொண்டு, கழுத்தில் மப்ளர் சுற்றிய ஒல்லியான மனிதர் உட்கார்ந்திருந்தார். அருவியில் குளித்துவிட்டு வந்திருந்தார் போலும். அவர் தலையிலும் எண்ணெய் வாசனை அடித்தது. முதல் கல்லை எடுத்தவர், புரட்டிப் பார்க்காமல் மூக்கருகே கொண்டுபோனார். பிறகு அப்பாவைப் பார்த்தார். "வீட்ல கொஞ்சம் சுத்தம் பண்ணிட்டாக, அய்யா" என்றார் அப்பா. அவர் சத்தமாகச் சிரித்துவிட்டார். அருவிக் குளியலுக்குத் தயாராக எண்ணெய் தேய்த்துக்கொண்டு வந்த கற்களை இத்தனை வருஷ உத்தியோகத்தில் இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். பரிகாசமாகச் சொல்லவில்லை, சந்தோஷமாகத்தான் சொன்னார்.

பிறகு அதில் உள்ள சங்கடத்தை விளக்கினார். கல்லுக்கும் தோல் உண்டாம். எப்போதோ உடைந்த முகம் வெயிலும் மழையும் பட்டு மங்கித் தோல் கட்டியிருக்கும். நேற்று உடைந்த முகம் பளிச்சென்று இருக்கும். எண்ணெய் பூசிவிட்டால் இரண்டும் ஒரே கருப்பு. ஆகையால் வடிவத்தைப் பார்த்து மட்டுமே என்னால் சொல்ல முடியும், தவறினால் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டு, ஒவ்வொன்றாக எடுத்து இடது பக்கம் வைக்கத் தொடங்கினார். இது ஆற்றில் உருண்டது. இதுவும் ஆறுதான். இது வெயிலில் காய்ந்து மழையில் வெடித்தது. இது வண்டிச் சக்கரம் ஏறியது. கைக்கு அமைகிற கல்லெல்லாம் கைக்காகச் செய்த கல் ஆகிவிடாது என்று அப்பாவிடம் பக்குவமாகச் சொன்னார். தண்ணீர் எல்லாப் பக்கமும் ஒன்று போலத் தேய்க்கும், அதற்கு ஒரு நோக்கமும் இல்லை. மனிதனோ தனக்கு எங்கே கூர் வேண்டுமோ அங்கே மட்டும்தான் தட்டுவான், மற்ற இடத்தைச் சும்மா விட்டுவிடுவான். அந்தச் சோம்பலை வைத்துத்தான் மனிதனைக் கண்டுபிடிக்க வேண்டும் என்றார். இன்னொன்றும் சொன்னார்: எங்கே கிடைத்தது என்று தெரியாவிட்டால் நல்ல கருவியும் வெறும் கல்தான்.

இடது பக்கக் குவியல் வளர வளர அப்பாவின் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. கட்டை விரல் நகமளவே இருந்த ஒரு வெள்ளைக் கல்லை மட்டும் சர்வே அய்யா இரண்டு முறை திருப்பிப் பார்த்துவிட்டு, சந்தேகம் என்று நடுவில் வைத்தார். அடுத்து என் கல் வந்தது. அவர் பூதக்கண்ணாடியை எடுத்தார். தடித்த முனையைப் பார்த்தார், விளிம்பைப் பார்த்தார், மறுபடி தடித்த முனையைப் பார்த்தார்.

"இது கை வேலை. சந்தேகமே இல்லை. எங்கே கிடைத்தது?" என்றார்.

அப்பா அதைக் கையில் வாங்கினார். தன் வகுப்புப் பிள்ளைகளின் முகத்தைப் போல அறுபத்து மூன்று கல்லின் முகமும் அவருக்குத் தெரியும். இந்த முகம் தெரியவில்லை என்பதை அவர் கண்ணில் நான் பார்த்துவிட்டேன். என் கையில் இருந்த நோட்டை ஒரு தடவை பார்த்தார். வராந்தாக் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"இலத்தூர்க் கொளத்தங்கரையில கெடச்சது, அய்யா" என்றார்.

பொய் சொன்ன பையனைப் பெஞ்சு மேல் ஏற்றாமல், பக்கத்தில் உட்காரவைத்து ஒரு வாரம் பேசாமல் இருந்து அழவைக்கிற மனிதர் அவர். அவர் பொய் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. கடைசித் தடவையும் அதுதான். அதைச் சொல்லவைத்தவள் நான். வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. பயம் ஒரு காரணம். அந்தக் கணத்தில் அப்பாவின் முகம் தெளிந்திருந்தது இன்னொரு காரணம். சர்வே அய்யா உற்சாகமாகிவிட்டார். நாளைக்கே அந்த இடத்தைப் பார்த்துவிடலாம், நானே வண்டி கொண்டுவருகிறேன், இடத்தைப் பார்த்த கையோடு நீங்கள் கேட்ட இரண்டு வரியை எழுதித் தருகிறேன் என்றார். அந்தச் சந்தேகக் கல்லையும் வெயில் வெளிச்சத்தில் இன்னொரு முறை பார்க்க வேண்டும், பெட்டியையும் எடுத்து வாருங்கள் என்று சொல்லி, என் கல்லைத் தம் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

வீடு திரும்பும் வழியெல்லாம் அப்பா என்னை ஒன்றும் கேட்கவில்லை. அம்மா விஷயத்தைக் கேட்டு மகிழ்ந்துபோய், எண்ணெய் தேய்த்ததால்தான் அது கண்ணில் பட்டிருக்கிறது என்று தீர்ப்புச் சொல்லி, பாயசம் வைத்தாள். அப்பா அதை ஒரு வாய் குடித்துவிட்டு வைத்துவிட்டார். நானும் அப்படித்தான்.

ஞாயிற்றுக்கிழமை வானம் வெளுத்திருந்தது. சர்வே அய்யாவின் வில்வண்டி வந்தது. வண்டி இலத்தூர் ரோட்டில் திரும்பியபோதுதான், வழியில் என்ன இருக்கிறது என்பது எனக்கு உறைத்தது. இன்றைக்கு அவள் வந்திருக்கக் கூடாது என்று தெரிந்த சாமியை எல்லாம் கூப்பிட்டேன். கொஞ்ச தூரம் போனதும் சுத்தியல் சத்தம் கேட்டது. கல்லே வாழ்க்கையாக இருந்த மனிதர் கல் குவியலைக் கண்டால் சும்மா போவாரா? வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கினார். ஒரு துண்டை எடுத்தார், இன்னொன்றை எடுத்தார். அவர் முகத்தில் சிரிப்புக் குறைந்தது. கோட்டுப் பையிலிருந்து என் கல்லை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

கல்லுடைக்கிறவள் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். "அது நான் ஒடச்ச கல்லுல்லா. எண்ணெயெல்லாம் தேய்ச்சு வச்சிருக்கிய?" என்றாள்.

உனக்கு எப்படித் தெரியும் என்று அவர் கேட்டார். "நான் போட்ட அடி எனக்குத் தெரியாதா, சாமி" என்று சொல்லி, எழுந்து வந்து தடித்த முனையைத் தொட்டுக் காட்டினாள். அங்கே கடுகளவு வெளுப்பாக ஒரு புள்ளி நசுங்கியிருந்தது. இரும்புச் சுத்தியல் விழுந்த இடம். அவர் நேற்று இரண்டு முறை பார்த்தது அந்த இடத்தைத்தான். எண்ணெய்ப் பளபளப்பு அவரையும் ஏமாற்றிவிட்டது.

அவர் அப்பாவின் பக்கம் திரும்புவதற்குள் அப்பாவே பேசிவிட்டார். "எலத்தூர்னு நான் சொன்னது பொய், அய்யா. அந்தக் கல்ல நேத்துதான் நானும் மொதல்ல பாத்தேன். என் பெட்டியில இருந்துச்சு, ஆசப்பட்டுட்டேன்."

நான் அழுதுவிட்டேன். நான்தான் எடுத்தேன், நான்தான் வைத்தேன் என்று தேம்பித் தேம்பிச் சொன்னேன். அடி விழும் என்று எதிர்பார்த்தேன். அப்பா என் தலையில் கை வைத்தார். "நீ கல்லத்தானட்டி வச்சே. எடத்தச் சொன்னது நான்லா" என்றார். இன்று வரைக்கும் அந்தக் கையின் கனம் என் தலையில் இருக்கிறது.

பிறகு சர்வே அய்யா, கை வேலை என்று நான் சொன்னதில் தவறில்லையே, கை யாருடையது என்று தெரியாமல் போனதுதானே என்று சொல்லித் தம்மையும் சேர்த்துச் சிரித்துக்கொண்டார். அப்போது அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. பெட்டியை இறக்கச் சொல்லி, அவளைப் பார்த்து, இதில் அடித்த கல் ஏதாவது இருக்கிறதா பாரம்மா என்றார். அவள் முதலில் தயங்கினாள். பிறகு ரோட்டோரம் குந்தி உட்கார்ந்து, அரிசியில் கல் பொறுக்குகிற வேகத்தில் பிரித்துப் போட்டாள். ஆற்றுக் கல்லு, வெயிலுக்கு வெடிச்சது, மேலே இருந்து உருண்டு விழுந்து உடைந்தது என்று அவள் சொன்னதும், முந்தின நாள் மேஜையில் அவர் சொன்னதும் அச்சு மாறாமல் ஒன்றாக இருந்தன. நகமளவு வெள்ளைக் கல்லிடம் வந்ததும் அவள் கை நின்றது. வெயிலில் பிடித்தாள், விளிம்பைக் கட்டை விரலால் தடவினாள்.

"இது அடிச்ச கல்லு. ஆனா இரும்பு படல. கல்ல வச்சே தட்டியிருக்கான். ஒரே பக்கமா, வரிசையா, பொடிப்பொடியா தட்டியிருக்கான் பாருங்க. எனக்கு இம்புட்டுப் பொறும கெடயாது" என்றாள்.

சர்வே அய்யா பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார். நேற்று இதைச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை, இன்று சொல்கிறேன், இது கருவிதான் என்றார். பேனாவைத் திறந்து, இரண்டு வரி இப்போதே எழுதித் தருகிறேன், இது எங்கே கிடைத்தது என்று கேட்டார். புலியருவிப் பாதையில் கிடைத்தது அது. அன்று நானும் கூட இருந்தேன். நான்தான் முந்திக்கொண்டு சொல்லப் போனேன். அப்பா கையைக் காட்டி என்னை நிறுத்திவிட்டார்.

"நேத்து ஒரு எடத்தச் சொன்னேன். இன்னைக்கு இன்னொரு எடத்தச் சொன்னா எது நெசம்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றார். நான் நம்புகிறேன் என்றார் அவர். "நீங்க நம்புவிய, அய்யா. எழுதப் போறது நான்லா" என்று சொல்லிப் பெட்டியை மூடிவிட்டார்.

எனக்கு அன்று அப்பா மேல் கோபம் கோபமாக வந்தது. கைக்கு வந்ததை யாராவது தள்ளிவிடுவார்களா? உண்மையான கல், உண்மையான இடம், எழுதித் தரப் பேனா திறந்த மனிதர். இத்தனையும் இருந்தும் ஒரே ஒரு பொய்க்காக எல்லாவற்றையும் விட்டுவிட்டாரே என்று பொருமினேன். இந்த வயதிலும் அந்தக் கோபம் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. அவர் செய்தது சரியா தவறா என்று என்னால் இன்னும் தீர்மானிக்க முடியவில்லை.

திங்கட்கிழமை அப்பா வாத்தியார்கள் அறைக்குள் நுழைந்ததும், யாரும் கேட்பதற்கு முன்னால் எல்லாவற்றையும் தாமே சொல்லிவிட்டாராம். கற்கள் ஆற்றுக் கற்கள், நான் ஒரு பொய் சொன்னேன், அதையும் சர்வே அய்யாவிடம் ஒப்புக்கொண்டேன் என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போய்விட்டார். டிரில் வாத்தியார் அதற்குப் பிறகு கேலி செய்யவில்லை. ஒரு மனிதரே தம்மைப் பற்றி எல்லாம் சொல்லிவிட்டால் மற்றவர்களுக்குச் சொல்ல என்ன மிச்சம் இருக்கும்? மாற்றல் கேட்கவில்லை, நாங்களும் ஊரை விட்டுப் போகவில்லை. கட்டுரையை அவர் மறுபடி அனுப்பவே இல்லை. அதற்குப் பின் வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த வெள்ளைக் கல்லையும் நான் கொண்டுவந்த வெற்றிலைக் கல்லையும் மட்டும் நிறுத்திக்கொண்டு, நோட்டைப் பார்த்துப் பார்த்து, ஆற்றில் எடுத்ததை ஆற்றிலும் குளத்தில் எடுத்ததைக் குளத்திலுமாகக் கொண்டுபோய்ப் போட்டோம். எடுத்துவந்தபோது சாய்ந்த தோள், போடப் போகும்போது மறுபக்கம் சாய்ந்திருந்தது.

அந்த வாரத்தில் ஒருநாள் அப்பா என்னைக் கூப்பிட்டு, "போயி அந்த அம்மா பேரக் கேட்டுட்டு வா" என்றார். எதற்கு என்று சொல்லவில்லை. நான் போய்க் கேட்டபோது அவள் சுத்தியலை ஓங்கியபடியே நின்றுவிட்டாள். தன் பெயரை யாரும் கேட்டு நாளாகியிருக்கும் போல. வெட்கப்பட்டுச் சிரித்துக்கொண்டு சொன்னாள். வந்து அப்பாவிடம் சொன்னேன். சரி என்று தலையாட்டிவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டார்.

இப்போது அந்த ரோடு தார் ரோடு. மலையடிவாரத்தில் இயந்திரம் வைத்துக் கல்லை அரைக்கிறார்கள். லாரி லாரியாக ஜல்லி போகிறது, அதில் எந்தத் துண்டும் எந்தக் கையையும் பார்த்ததில்லை. பனையோலை நிழலும் சுத்தியல் சத்தமும் எப்போது நின்றன என்று கேட்டால் யாருக்கும் நினைவில்லை. குளத்தங்கரையில் பாதிக்கு மேல் வீடுகள் வந்துவிட்டன. வெள்ளைக் கல் எத்தனையோ வீடு மாறியதில் எங்கேயோ தொலைந்துபோயிற்று. வெற்றிலைக் கல் மட்டும் என்னிடம் இருக்கிறது. எண்ணெய் எப்போதோ காய்ந்துவிட்டது, உடைந்த முகத்தில் மெல்லிசாகத் தோல் கட்டத் தொடங்கியிருக்கிறது.

அப்பா காலமான பிறகுதான் அந்த நோட்டு என் கைக்கு வந்தது. அறுபத்து மூன்று வரிகளையும் கோடு போட்டு அடித்திருந்தார். அவற்றுக்குக் கீழே, நான் அதுவரை பார்த்திராத ஒரு வரி இருந்தது. எண் அறுபத்து நான்கு. கிடைத்த இடம், இலத்தூர் ரோட்டு ஜல்லிக் குவியல். கிடைத்த நாள் என்ற இடத்தில், கோமு எடுத்து வந்தது, ஆனி மாதம் வியாழக்கிழமை. உபயோகம், ரோடு போட. ஐந்தாவது கட்டத்தில், அடிக்கப்பட்ட அத்தனை "தெரியவில்லை"களுக்கும் கீழே, பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதுவது போல நிறுத்தி, அழுத்தி எழுதியிருந்தார்:

பேச்சி.